ஆலாத்தியும் வினிகரும்

எங்கள் கரும்புத் தீவில், பீனிக்ஸ் என்ற ஊரில், நாங்கள் கம்பளம் கழுவும் கொட்டகையின் முன்சுவரில் நீலப் பெயிண்டில் ‘சான் ஆசீட்’ என்று எழுதியிருந்தது. பிரெஞ்சு. ஆசிட் இல்லாமல் என்று அர்த்தம். எழுதியவள் நான். எங்கள் ஏணிக்கு ஒரு கால் குட்டை. நான் எழுத எழுத ஏணி சாய்ந்தது, எழுத்தும் கூடவே சாய்ந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் அதைப் படிப்பார்கள். அண்ணன் குறை சொன்னபோது, படிக்கிறார்களே, அது போதாதா என்று சண்டை போட்டேன்.

அப்படி எழுதுவதற்குக் காரணம் அண்ணன்தான். அதற்கு முந்தின வருடம் ஒரு கரும்புத் தோட்ட மேலாளரின் வீட்டிலிருந்து வந்த கம்பளத்தில் துருக்கறை ஒன்று இருந்தது. நான் இரண்டு நாள் தேய்த்தும் போகவில்லை. அண்ணனுக்குப் பொறுமை என்பதே கிடையாது. நான் இல்லாத நேரத்தில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டார். மறுநாள் காலையில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கம்பளத்தைத் தூக்கினோம். கம்பளம் மேலே வந்தது. கறை இருந்த இடம் மட்டும் வட்டமாகத் தரையிலேயே கிடந்தது. அண்ணன் அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, “கறை போயிடுச்சுல்ல?” என்றார்.

அன்று போட்ட சபதம் அது. ஆசிட் என்று பேர் வைத்த எதுவும் எங்கள் கொட்டகைக்குள் வரக்கூடாது. எனக்கு அதில் பெரியது சின்னது என்ற பேதமே கிடையாது. பேட்டரித் தண்ணீர், வினிகர், புளி, எலுமிச்சம்பழம் எல்லாம் என் கண்ணுக்கு ஒரே கும்பல். கொட்டகையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும் என்பதால், அண்ணி சந்தையிலிருந்து எலுமிச்சை வாங்கி வந்தால் பின்பக்க வேலி வழியாகத்தான் வருவார். ஒருமுறை முந்தானையில் மறைத்துக்கொண்டு முன்வழியாக வந்தவரை நான் நிறுத்திச் சோதனை போட்டேன். சுங்கத்துறையில்கூட அவ்வளவு கெடுபிடி இருக்காது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அப்போதே பாதிக்கு மேல் தீவின் கலப்புப் பிரெஞ்சான கிரியோல்தான் பேசினோம். சாமிக்கும் சொந்தத்துக்கும் சோற்றுக்கும் தமிழ், மற்றதெல்லாம் கிரியோல். நான் மட்டும் கோயில் மாலை வகுப்புக்கு விடாமல் போனதால் எழுதத் தெரியும். அதனால் இதில் எல்லாரையும் தமிழிலேயே பேச வைத்திருக்கிறேன். தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு நாலைந்து வருடம் முன்னால் நடந்தது இது. அன்று யார் எந்தப் பாஷையில் திட்டினார்கள் என்பது இப்போது எனக்கே கலங்கிவிட்டது.

சுவரில் எழுதியது வீண் போகவில்லை. பக்கத்து ஊரான வாக்கோவாவில் புதிதாகக் குடிவந்திருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மனைவி, அந்த வழியாகக் காரில் போனவர், தலையைச் சாய்த்துப் படித்துவிட்டு வண்டியை நிறுத்தினார். ஊரில் அவருடைய கம்பளம் ஒன்றை யாரோ ஆசிட் போட்டுப் பாழாக்கியிருந்தார்களாம். “ஆசிட் இல்லை, அப்படித்தானே?” என்று மூன்று தடவை கேட்டார். “இல்லவே இல்லை, மதாம்” என்று நான் மூன்று தடவையும் சொன்னேன். பாலாடை நிறத்தில், ஓரத்தில் மட்டும் நீலப் பூ போட்ட கம்பளி விரிப்பு ஒன்றைக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகவும், நன்றாக இருந்தால் தன் தோழிகளின் கம்பளங்களையும் அனுப்புவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு அன்று தூக்கம் வரவில்லை. “சுதந்திரம் வந்தா இவங்க எல்லாம் கப்பல் ஏறிடுவாங்க. அதுக்கு முன்னாடி நாம நாலு பெரிய வீட்டைப் பிடிச்சாகணும் தங்கச்சி. இந்தக் கம்பளம் சொதப்புச்சுன்னா கொட்டகையை மூடிட்டு நான் கரும்பு வெட்டத்தான் போகணும்” என்றார். அண்ணன் கரும்பு வெட்டினால் கரும்பு சிரிக்கும். ஆனாலும் அவர் சொன்னது சரிதான். கையில் வேறு வேலை இல்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம்.

எனக்கு அப்போது இருபத்தாறு. அந்தக் காலத்தில் அது பெண்ணுக்கு வயதில்லை, வியாதி. என் வாய்க்குப் பயந்து இரண்டு வரன்கள் ஏற்கெனவே ஓடியிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் தீவின் கிழக்குப் பக்கம் சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தார். முன்பு ஆறு வருடம் கப்பலில் சலவை வேலை. இப்போது தோட்டத்துப் பெரிய வீடுகளுக்குப் போய்க் கம்பளம் கழுவுகிறார். “அவரும் கம்பளம், நீயும் கம்பளம், இதைவிடப் பொருத்தம் எந்த ஐயர் பார்த்தாலும் வராது” என்று அண்ணி முடித்துவிட்டார். நாங்கள் ஒருவரையொருவர் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தோம்.

எங்கள் முன்னறைத் தரை வெறும் சிமெண்ட். அதிலும் நடுவில் வெடித்து, வெடிப்பு பார்க்க ஆப்பிரிக்கா மாதிரி இருக்கும். ஞாயிறு காலையில் அண்ணி அதைப் பார்த்தார். பிறகு கொட்டகையில் கழுவி உலர்த்திச் சுருட்டி வைத்திருந்த பாலாடை நிறக் கம்பளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒரு மணி நேரம்தான்” என்றார்.

“அடுத்தவங்க கம்பளம் அண்ணி!”

“உட்காரத்தானே போறாங்க. உழவா போறாங்க?”

நான் மறுத்தேன் என்று எழுத ஆசை. மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கம்பளக்காரர் ஒருவர் வருகிறாரே, என் கைவேலையைப் பார்க்கட்டும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. நானே இன்னொரு பக்கத்தைப் பிடித்து விரித்தேன். ஆப்பிரிக்கா மறைந்தது.

ஃப்ளாக்கிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. அவரை வளர்த்த சித்திதான் தலைமை. உள்ளே நுழையும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர். சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். வெற்றிலை, பழம், பூ, புடவை. கடைசித் தட்டில் வாழைப்பழச் சீப்புக்கும் தேங்காய்க்கும் நடுவில் ஒரு பாட்டில் நின்றது. வினிகர்!

“இது யார் வச்சது?” என்று அண்ணி மெதுவாகக் கேட்டார்.

“நான்தான்” என்றார் மாப்பிள்ளை. “தொழில் பண்றவங்களாச்சே. உபயோகப்படும்னு.”

ஒல்லியாக, உயரமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு வாய் காபி குடிக்கிற இடைவெளி விட்டுப் பேசுகிறவர். எனக்கு அப்போதே கோபம் காது வரை ஏறிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக யாராவது பெண்ணுக்கு வினிகர் கொண்டுவருவார்களா?

எங்களைக் கம்பளத்தின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், வெட்கம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவரும் குனிந்திருந்தார். ஓரக்கண்ணால் பார்த்தால், மனிதர் கம்பளத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்! விரலை எச்சிலில் நனைத்தார், கம்பளியில் தேய்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“அட, பையன் கம்பளத்தை ருசி பார்க்கிறான்! இன்னும் இலை போடலையா?” என்று சித்தி கத்தினார்.

அவர் என் பக்கம் சாய்ந்து ரகசியமாக, “சோப்பு நிக்குது” என்றார்.

அதுதான் என் வருங்காலக் கணவர் என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம்.

“எங்கே நிக்குது?” என்றேன், நானும் ரகசியமாக.

“நூல்ல. கை வச்சுப் பாருங்க, மொடமொடன்னு இருக்கு. நாலே வாரத்துல அழுக்கு ஒட்டும். கடைசித் தண்ணியில கொஞ்சம் வினிகர் விட்டிருந்தா சோப்பு போயிருக்கும், கம்பளியும் மெத்துன்னு வந்திருக்கும்.”

“வெளியே சுவத்துல எழுதியிருக்கே, படிச்சீங்களா?”

“படிச்சேன். கழுத்து வலிக்குது.”

அதற்குள் அண்ணியும் சித்தியும் ஆலாத்தித் தட்டோடு வந்து நின்றார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர், பித்தளைத் தட்டு நிறையத் தளும்பச் சிவப்பாக இருந்தது. அண்ணி எதையும் தாராளமாகத்தான் செய்வார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து எங்கள் முகத்துக்கு முன்னால் சுற்றத் தொடங்கினார்கள். முதல் சுற்று.

“வினிகரும் ஆசிட்தான்” என்றேன், உதடு அசையாமல்.

இரண்டாவது சுற்று.

“தயிரும் ஆசிட்தான். நீங்க சாப்பிடுறதில்லையா?”

“நான் சாப்பிடுவேன், கம்பளம் சாப்பிடாது!” என்று சொல்லிக் கையை வீசினேன்.

மூன்றாவது சுற்று நடக்கவில்லை. தட்டு பறந்தது. நல்ல நாளுக்காக அண்ணி எனக்கு இரண்டு டஜன் வளையல் மாட்டிவிட்டிருந்தார், அத்தனையும் சேர்ந்து பலமாகவே அடித்தன. ஆலாத்தி முழுவதும் பாலாடை நிறக் கம்பளத்தின் நட்டநடுவில் கொட்டியது. கோழி அறுத்த இடம் மாதிரி ஆகிவிட்டது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அபசகுனம் என்றார் சித்தி. “மதாம் கம்பளம், மதாம் கம்பளம்” என்று அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இது உங்கள் கம்பளம் இல்லையா என்று ஃப்ளாக்கிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி காதிலேயே விழாததுபோல் அண்ணி எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார். கொல்லையில் பந்தல் போட்டு ஏழு கறியோடு இலை போட்டிருந்தது. சகுனம் எப்படி இருந்தாலும் ஏழு கறியை விட்டுவிட்டுப் போகிற தமிழன் இந்தத் தீவில் பிறக்கவில்லை. கூட்டம் கொல்லைக்குப் போனது.

நான் பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு கம்பளத்தைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சோப்பும் சலவைச் சோடாவும். இரண்டையும் அள்ளிப் போட்டுத் தேய்த்தேன். கறை குறையவில்லை, இன்னும் சிவந்தது. இன்னும் போட்டேன், இன்னும் சிவந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று ஆலாத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சோப்பும் சோடாவும் சுண்ணாம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கறை தட்டு அளவிலிருந்து முறம் அளவுக்கு வந்துவிட்டது. நான் அழுதுகொண்டே தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை அந்தம்மா வந்து நிற்பார், அண்ணன் கரும்பு வெட்டப் போவார், எல்லாம் என் வாயாலும் கையாலும்.

நிழல் தெரிந்து நிமிர்ந்தால் மாப்பிள்ளை நின்றார். கையில் இலையிலிருந்து எடுத்த எலுமிச்சைத் துண்டு.

“அந்தப் பழத்தோட உள்ளே வராதீங்க” என்றேன். மூக்கு வேறு ஒழுகுகிறது, ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

அவர் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டிப் பிழிந்தார். கம்பளத்தின் ஓரத்தில், சிவப்பின் மேல் நாலு சொட்டு விழுந்தது.

நாலு சொட்டும் விழுந்த இடத்தில் சிவப்பு சட்டென்று மஞ்சளானது. என் கண் முன்னாலேயே! சிவப்புச் சேலையில் மஞ்சள் பொட்டு வைத்ததுபோல் நாலு புள்ளி. எனக்கு அழுகை நின்றுவிட்டது. விக்கல் பிடித்துக்கொண்டது.

அதற்குள் சித்தி கையைக் கழுவாமலே தேடிக்கொண்டு வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். “மஞ்சளாயிடுச்சே! இதைவிட மங்களம் வேற என்ன வேணும்? நான் அப்பவே சொன்னேன்ல, நல்ல சகுனம்னு” என்று சொல்லிக்கொண்டே போய்ப் பாயசத்துக்கு உட்கார்ந்தார்.

“சிவப்பு போய் மஞ்சள் வந்தாச்சு. இதுல எனக்கு என்ன லாபம்?” என்றேன் விக்கலுக்கு நடுவில்.

“மஞ்சள் வெயில்ல வெளுத்துடும். ஆனா உள்ளே சோப்பும் சோடாவும் இருக்கிற வரைக்கும் மறுபடி மறுபடி சிவக்கும். முழுக் கம்பளத்தையும் வினிகர் தண்ணியில அலசினாத்தான் ஆச்சு. நீங்க சொன்னா செய்யறேன். இல்லேன்னா சாப்பிடப் போறேன், ரசம் ஆறுது.”

நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. விக்கல் நாலு தடவை வந்திருக்கும். “வெளியே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது” என்றேன்.

“சரி.”

“அளந்துதான் ஊத்தணும்.”

“கப்பல்ல நாங்க அளக்க மாட்டோம்.”

“இது கப்பல் இல்லை.”

சீர்த் தட்டிலிருந்த பாட்டிலை அவரே போய் எடுத்துவந்தார். அரை பாட்டிலை அப்படியே வாளியில் கவிழ்க்கப் போனார். நான் கையைப் பிடித்துவிட்டேன். ஒரு வாளிக்கு ஒரு கப், அதற்கு மேல் கூடாது. முதலில் கம்பளத்தின் மூலையில் நீலப் பூவில் நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன், சாயம் இறங்குகிறதா என்று. பிறகு திருப்பிப் போட்டு அடிநூலைப் பார்த்தேன். பருத்தியாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அன்று ஆசிட் தின்றதும் பருத்தி அடிநூலைத்தான், ஓட்டை வழியாகத் தெரிந்த அண்ணன் முகம் எனக்கு மறக்கவில்லை. நல்ல வேளையாக அடியிலும் கம்பளி நூல்தான். அவரும் குனிந்து அடிநூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “ஆறு வருஷத்துல நான் ஒரு நாளும் பின்பக்கம் திருப்பிப் பார்த்ததில்லை. அதனாலதான் ரெண்டு கம்பளம் கடல்ல போச்சு” என்றார். பாழானதை வேண்டுமென்றே கடலில் போட்டுவிட்டுக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்களாம்.

அலசினோம். முறம் அளவு சிவப்பு முறம் அளவு மஞ்சளாயிற்று.

இனி வெயில் வேண்டும். பீனிக்ஸில் ஜூலை மாதம் வெயில் கேட்பவனைப் பைத்தியம் என்பார்கள். தூறல் வாரக்கணக்கில் விடாது. துவைத்த சட்டையில் காளான் முளைக்கும். “பாம்பூவுக்குக் கொண்டுபோகலாம்” என்றார் அண்ணி. அவருடைய தாய்வீடு அங்கே. மலைக்கு அந்தப் பக்கம், மழையே எட்டிப் பார்க்காத ஊர்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மாப்பிள்ளை ஃப்ளாக்கிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். நிச்சயம் பாதியில் நின்றதால் நாங்கள் ஒருவருக்கொருவர் யார் என்பதே தெளிவில்லை. அதனால் அண்ணியும் காவலுக்கு வந்தார். ஈரக் கம்பளத்தைச் சுருட்டி பஸ் கூரையில் ஏற்றினோம். இரண்டு பஸ் மாறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கூரையிலிருந்து வினிகர்த் தண்ணீர் ஜன்னல் வழியாகச் சொட்டியது. ஊறுகாய் விற்கப் போகிறோமா என்று பஸ்ஸில் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் கால் கிலோ வேண்டும் என்றார். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “மேலே என்ன, மாங்காயா?” என்று கேட்டார். “ஆமாம்” என்று மாப்பிள்ளை சொன்னார். ரகசியத்தைக் காப்பாற்றுகிறாராம்.

பாம்பூவில் அண்ணியின் தாய்வீட்டுக்குப் பின்னால், கரும்பு வயலிலிருந்து பொறுக்கிக் குவித்த கறுப்புக் கற்குவியல் ஒன்று வீட்டுயரத்துக்கு இருந்தது. கல் சுட்டது. அதன்மேல் கம்பளத்தை விரித்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். காவலுக்கு வந்த அண்ணி மாமர நிழலில் பத்தே நிமிடத்தில் குறட்டை விட்டார்.

ஓர் ஆடு வந்தது. கம்பளத்தை மோந்து பார்த்தது. பிறகு மஞ்சள் இருந்த இடத்தை நக்க ஆரம்பித்தது.

“பார்த்தீங்களா, கம்பளம் சாப்பிடாது, ஆனா ஆடு சாப்பிடுது” என்றார்.

நான் கல்லை எடுத்தேன். ஆட்டைத்தான் அடித்தேன் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். கல் அவர் முழங்காலில் பட்டது.

மத்தியானத்துக்குள் மஞ்சள் வெளிறத் தொடங்கியது. மூன்று மணிக்கு எங்கே இருந்தது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மனசு லேசாகி, அவர் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்துக் கம்பளத்தில் கை வைத்தேன். மெத்தென்று இருந்தது. என் கையில் ஒரு கம்பளமும் அப்படி வந்ததில்லை. நாலு வருடமாக நான் மொடமொடவென்று கழுவி அனுப்பியதெல்லாம் நினைவுக்கு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இல்லை, பற்றிக்கொண்டு வந்தது. அவர் திரும்பி வந்து, “எப்படி இருக்கு?” என்றார். “பரவாயில்லை” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இரண்டாவது கல்லுக்கும் வேலை வந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தம்மா காரில் வந்தார். மாப்பிள்ளையும் அன்று வந்திருந்தார். கம்பளத்தைக் காரில் ஏற்ற ஆள் வேண்டும் என்று அண்ணன் கூப்பிட்டதாகச் சாக்கு. கம்பளத்தைக் கொட்டகைத் தரையில் விரித்தோம். அந்தம்மா கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினார். “எவ்வளவு மிருது!” என்றார். இன்னொரு முறை தடவினார். “வாங்கிய நாளில்கூட இப்படி இல்லை.” அண்ணன் முகத்தில் நாலு பெரிய வீடுகள் வந்து நின்றன.

பிறகு அந்தம்மா குனிந்தார். நடுவில் உள்ளங்கை அளவுக்கு, விளக்கு வெளிச்சம் பட்டதுபோல் ஒரு லேசான பொன்னிறம் இன்னும் இருந்தது. “இது என்ன?”

அண்ணனுக்கு ஆங்கிலம் அவசரத்துக்கு உதவாது. மஞ்சளுக்குக் கிரியோலில் என்ன பெயரோ அதைச் சொன்னார். “சாஃப்ரான், மதாம்.”

தீவில் பிறந்த யாரிடம் சொல்லியிருந்தாலும் மஞ்சள் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். அந்தம்மா கப்பலிலிருந்து இறங்கி மூன்று மாதம் ஆகவில்லை. அவர் கண் அகலமாக விரிந்தது. “குங்குமப்பூவா! நீங்கள் குங்குமப்பூவிலா அலசுகிறீர்கள்? அதனால்தான் இவ்வளவு மிருதுவா? எங்கள் ஊரில் அதைச் சிட்டிகைக் கணக்கில் விற்பார்கள்! நான் எல்லாரிடமும் சொல்லப்போகிறேன்.”

அண்ணன் தலை தானாக ஆட ஆரம்பித்தது. ஆமாம் மதாம், ஆமாம் மதாம். அவர் மனதில் அந்த நிமிடமே சுவரில் ‘குங்குமப்பூ அலசல்’ என்று எழுதி முடித்திருப்பார். எனக்கும் அது வசதிதான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாடிக்கை நிலைக்கும், சுவர் நிலைக்கும், வினிகரை யாரும் பேசமாட்டார்கள், நான் சொன்னதே சரி என்று சாகும்வரை இருந்துவிடலாம். நான் வாயைத் திறந்தால் அந்தம்மா சுவரைக் காட்டிக் கேட்பார், மூன்று தடவை சொன்னாயே என்று. தோழிகளின் கம்பளமும் போகும்.

கம்பளத்தின் மறுமுனையைப் பிடித்திருந்தவரைப் பார்த்தேன். கொடுத்த வாக்குப்படி அவர் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஓரத்து நீலப் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் வேலையைக் குங்குமப்பூ தூக்கிக்கொண்டு போகிறது, மனிதர் பூ எண்ணுகிறார்! அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“குங்குமப்பூ இல்லை, மதாம்” என்றேன். “மிருது ஆனது வினிகரால். வினிகர் ஆசிட்தான். அலசியது இவர். இவர் சொன்னதுதான் சரி. நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.”

அண்ணன் ஒரு மாதிரி சத்தம் எழுப்பினார். அந்தம்மா சுவர் இருந்த திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்தி என்ன என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆப்பிரிக்கா வெடிப்பு, நிச்சயம், தட்டு, எலுமிச்சை, பஸ், ஆடு. ஆடு நக்கியதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

அந்தம்மா சிரிக்கவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டார். ஒரு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அண்ணன் எத்தனை கட்டுக் கரும்பு வெட்டினாரோ தெரியாது.

“அதாவது,” என்றார் கடைசியில், “என் கம்பளத்தின் மேல் உட்கார்ந்துதான் உங்களுக்கு நிச்சயம் நடந்தது.”

“ஆமாம், மதாம்.”

“முடிந்துவிட்டதா, நிச்சயம்?”

மூன்றாவது சுற்று வரவேயில்லை. முடிந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பூ எண்ணிக்கொண்டிருந்தவரும் எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கிட்டத்தட்ட என்பதற்கு ஆங்கில வார்த்தை எனக்குச் சத்தியமாக வரவில்லை.

“ப்ரெஸ்க்” என்றேன், பிரெஞ்சில்.

அந்தம்மாவுக்கு அவ்வளவு பிரெஞ்சு தெரிந்திருந்தது. அப்போதுதான் சிரித்தார். தோழிகளின் கம்பளங்கள் வந்ததா என்றால் ஒன்று வந்தது, மற்றவர்களுக்கு ஆட்டுக் கதை பிடிக்கவில்லை போல. ஆனால் கொட்டகையை மூட வேண்டியிருக்கவில்லை. அண்ணன் பிழைத்தார், கரும்பும் பிழைத்தது.

கார் போனதும் அண்ணன், சுவரை வெள்ளையடித்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். என் சுவர், நானே பார்த்துக்கொள்கிறேன். ஏணியை எடுத்தேன், மிச்சமிருந்த நீலப் பெயிண்டை எடுத்தேன். ‘சான் ஆசீட்’டுக்கு முன்னால் இடம் இல்லை. அதனால் மேலே கொஞ்சம் சின்னதாக ‘ப்ரெஸ்க்’ என்று எழுதினேன். கிட்டத்தட்ட ஆசிட் இல்லாமல்.

“இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதலாமே” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“முடியாது” என்றேன்.

ஏணியின் குட்டைக் காலைத் தரையிலிருந்து தூக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார் அவர். அதனால் அந்தச் சுவரிலேயே அந்த ஒரு வார்த்தை மட்டும் சாயாமல் இருந்தது.